யூதர்களோட தியானம்: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

இஸ்ரேல்ல ரெஹோவோத்ங்கற ஊர்ல மூணு வருஷம் ஆராய்ச்சி வேலைல இருந்தேன். பக்கத்து வீட்டுல ஏமன்லேந்து வந்த குடும்பத்துப் பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களை சாவ்தான்னு கூப்பிடுவேன், ஹீப்ருல பாட்டின்னு அர்த்தம். அவங்களைப் பாத்து ஆரம்பிச்ச ஆர்வம் அப்பறம் ஜெருசலேம்ல வாரம் ஒருநாள் கூடி உக்கார்ற ஒரு சின்ன தியானக் குரூப் வரைக்கும் கொண்டு போயிடுச்சு. ஊருக்குத் திரும்பி வந்ததும் சர்ச் ஃப்ரெண்ட்ஸ், யோகா ஃப்ரெண்ட்ஸ், விபஸ்ஸனா போய்ட்டு வந்த தம்பிங்க எல்லாரும் ஒரே சந்தேகங்களையே மாத்தி மாத்திக் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸாப்ல டைப் பண்ணி விரல் தேஞ்சிடுச்சு, அதான் மொத்தமா இங்க. நான் யூதர் கிடையாது, ரப்பியும் (யூத மதகுரு) கிடையாது. படிச்சதும் பாத்ததும்தான்.

யூத மதத்துல தியானமா? அவங்க புக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே ஜெபம் பண்றவங்கதானே?

ஆடறது உண்மைதான். ஆனா நம்ம தமிழ் பைபிள்லயே ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்துல ஈசாக்கு சாயங்காலம் தியானம்பண்ண வெளியில போனார்னு இருக்குல்ல, அந்த வசனத்தை வெச்சுத்தான் தல்மூத்ங்கற பழைய சட்ட விளக்க நூல்ல வர்ற ரப்பிகள் சாயங்கால ஜெபத்தை ஏற்படுத்தினவர் ஈசாக்குன்னு சொல்றாங்க. ஆக ஒரு நாளைக்கு மூணு வேளை ஜெபத்துல ஒண்ணு வயக்காட்டுல தனியா நடந்த ஒரு ஆள்கிட்டேந்து வந்ததா அவங்களே நம்பறாங்க.

தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கற நூல்ல இன்னொண்ணு இருக்கு. பழைய காலத்து பக்திமான்கள் ஜெபத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்து மனசைத் திருப்பிட்டுத்தான் ஆரம்பிப்பாங்களாம். தல்மூத் அதுக்கு மேல போய், முன்னாடி ஒரு மணி நேரம், ஜெபம் ஒரு மணி நேரம், முடிஞ்சு ஒரு மணி நேரம்னு கணக்குப் போட்டு மூணு வேளைக்கு ஒன்பது மணி நேரம்னு சொல்லிட்டு, அப்போ இவங்க எப்ப படிச்சாங்க எப்ப வேலை பாத்தாங்கன்னு அதுவே கேள்வியும் கேக்குது! பக்தியா இருந்ததால படிச்சது மறக்கல, வேலையும் ஆசீர்வாதமாச்சுன்னு பதில். எனக்கு அந்த பதிலை விட கேள்விதான் பிடிச்சது.

தியானத்துக்கு ஹீப்ருல என்ன வார்த்தை அக்கா?

ஒரே வார்த்தை கிடையாது. இரவும் பகலும் தியானிக்கிறவன் பாக்கியவான்னு பைபிள் சங்கீதத்துல வர்ற இடத்துல இருக்கற ஹீப்ரு சொல் 'ஹகா', அதுக்கு முணுமுணுக்கறதுன்னு அர்த்தம், ஏசாயால இரைமேல நின்னு உறுமற சிங்கத்துக்கும் புலம்பற புறாவுக்கும் அதே சொல்தான். அதாவது வாயை மூடி உக்கார்றதுன்னு இல்ல, வசனத்தை அடித்தொண்டைல உருட்டிக்கிட்டே இருக்கறது. நம்மள்ல தியானம்னதும் மௌனம்னு நினைக்கறோம்ல, அங்கதான் முதல் வித்தியாசம். சொல்லு வழியா அமைதிக்குப் போறவங்க அவங்க.

அப்பறம் 'கவனா'. ஜெபத்துலயும் எந்தக் கட்டளையைச் செய்யும்போதும் மனசை அதுமேல திருப்பி வெக்கறது. நம்ம 'கவனம்' மாதிரியே கேக்குதுல்ல? சம்பந்தமே இல்ல, தற்செயல், ஆனா எனக்கு அந்த வார்த்தை மறக்காததுக்குக் காரணம் அதான். சிந்திச்சு ஆழமாப் போறது ஹித்போனெனூத், தனிமைல கடவுள்கிட்ட பேசறது ஹித்போதெதூத், கடவுளோட ஒட்டிக்கிட்டே இருக்கறது தெவெகூத். இப்ப மைண்ட்ஃபுல்னெஸ்ஸுக்கு 'கஷிவூத்'னு ஒரு புதுச் சொல் வெச்சிருக்காங்க, செவிசாய்க்கறதுங்கற வேர்லேந்து வந்தது.

எனக்கு இந்த தத்துவமெல்லாம் வேணாம், காலைல எழுந்து என்ன பண்றாங்க அத மட்டும் சொல்லுங்க

கண்ணு முழிச்சதும், படுக்கைய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே ஹீப்ருல பன்னெண்டே வார்த்தைல ஒரு ஜெபம், 'மோதே அனி'. என் உயிரை இரக்கத்தோட திருப்பிக் குடுத்தியே, நன்றின்னு. கை கழுவறதுக்கு முன்னாடியே சொல்லலாம், ஏன்னா அதுல கடவுளோட பேர் வராது. போனைத் தேடி கை போற அதே நொடில இதைச் சொல்லணும்னு வெச்சுப் பாருங்க, கஷ்டம் புரியும்.

அதுக்கப்பறம் நாள் முழுக்க ஆசீர்வாத வாக்கியங்கள். ரொட்டிக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு, இடி இடிச்சா ஒண்ணு, வானவில்லு பாத்தா ஒண்ணு. ஒருநாளைக்கு நூறு சொல்லணும்னு தல்மூத்ல ரப்பி மெயீர் சொல்றார். ஆப்பிளை எடுத்ததும் கடிக்க முடியாது, இது மரத்துல விளைஞ்சதா மண்ணுல விளைஞ்சதான்னு யோசிச்சாத்தான் எந்த வாக்கியம்னே தெரியும். வாழைப்பழம் அவங்க கணக்குல மரத்துப் பழம் கிடையாது, அடிமரம் வருஷா வருஷம் செத்துப்போறதால மண்ணுல விளைஞ்சதுல சேத்துட்டாங்க. சாவ்தா அதைச் சொன்னப்ப, வாழைமரத்தைப் பாத்துப் பாத்து வளந்த எனக்கே, அட ஆமால்லன்னு தோணுச்சு.

எனக்கு மனசுல நின்னது பாத்ரூம் போய்ட்டு வந்து சொல்றது. சிரிக்காதீங்க. 'ஆஷெர் யாட்சர்'னு பேரு. மனுஷனை ஞானத்தோட படைச்சு, துளைகளையும் குழிகளையும் வெச்சிருக்க, இதுல ஒண்ணு திறந்துக்கிட்டாலோ ஒண்ணு அடைச்சுக்கிட்டாலோ உன் முன்னாடி நிக்கவே முடியாதுன்னு வரும். சாவ்தா பாத்ரூம் கதவுக்கு வெளிய, கைய கழுவித் தொடச்சிட்டு செவுத்தைப் பாத்து நின்னு சொல்லுவாங்க, நடுவுல பேசினா பதில் வராது. ஒருவாட்டி எனக்கு கிட்னி கல்லு வந்து ரெண்டு நாள் உருண்டு எழுந்தப்ப அந்த வாக்கியத்துல ஒவ்வொரு சொல்லும் எதுக்குன்னு புரிஞ்சிடுச்சு.

மூச்சை கவனிக்கற டெக்னிக் உண்டா?

ஹீப்ருல மூச்சு நெஷிமா, ஆன்மா நெஷமா. ரெண்டும் ஒரே வேர். சுவாசமுள்ள யாவும் கர்த்தரைத் துதிப்பதாகன்னு முடியற கடைசி சங்கீதத்தை எடுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் துதிக்கணும்னு மித்ராஷ்ங்கற பழைய ரப்பிகளோட வேத விளக்க உரை படிக்குது. அழகான கருத்து, ஆனா அது டெக்னிக் இல்ல.

டெக்னிக்னு எழுதி வெச்சவர் ஆபிரகாம் அபுலாஃபியா. 1240ல ஸ்பெயின்ல சரகோசால பொறந்தவர். கடவுள் பேரோட எழுத்துக்களை மாத்தி மாத்திக் கோத்து, ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு மூச்சு, தலை இப்படி அசையணும்னு கணக்கா எழுதினார். கொஞ்சம் வில்லங்கமான ஆளு, 1280ல போப்பையே பாத்துப் பேசப்போறேன்னு கெளம்பிப் போனா, போப் அதுக்குள்ள செத்துட்டார். பார்சிலோனா பெரிய ரப்பி ஷ்லோமோ இப்ன் அதெரெத் இவரைக் கடுமையா எதுத்தார், அதனால இவர் வழி ரொம்ப நாள் ஓரமாவே கிடந்துச்சு. இப்ப சில டீச்சர்ங்க ஹீப்ருல நாலெழுத்துல எழுதற கடவுள் பேரை மூச்சோட இழுத்து விடச் சொல்றாங்க, அது இந்தக் காலத்து வடிவம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, அந்தப் பேரை யூதர்கள் வாயால உச்சரிக்கறதே இல்ல, ஜெபத்துல அதோநாய்ம்பாங்க, சாதாரணப் பேச்சுல ஹஷேம், அதாவது 'அந்தப் பேர்'.

அப்போ நம்ம நாமஜெபம் மாதிரி மந்திரம்?

கிட்டத்தட்ட இருக்கு. 'இஸ்ரவேலே, கேள்'னு ஆரம்பிக்கற 'ஷெமா' ஜெபத்தோட முதல் வரியைச் சொல்லும்போது வலது கையால கண்ணை மூடிப்பாங்க, கடைசி வார்த்தை 'எகாத்', ஒன்று. அந்த வார்த்தையோட கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லணும், மேல கீழ நாலு திசைலயும் அவர் ஒருத்தர்தான்னு நினைக்கற அளவுக்கு இழுக்கணும்னு விதி. ஒரே மூச்சுல மொத்த தியானமும் அடங்கிடும். ஹசிதிகள்னு பக்திப் பரவசத்தை முக்கியமா நினைக்கற ஒரு யூதப் பிரிவு, அவங்கள்ட்ட 'நிகூன்' இருக்கு, வார்த்தையே இல்லாத ராகம், யா-பா-பாம்னு அரை மணி நேரம் அதே நாலு வரி. ஆலாபனை ரசிக்கறவங்களுக்கு விளக்கவே வேணாம்.

ராத்திரி காட்டுல போய் கடவுள்கிட்ட கத்தறாங்களாமே, வீடியோ பாத்தேன், அது என்ன கூத்து?

அது பிரெஸ்லவ் ஹசிதிகள். ரப்பி நக்மான் (1772–1810) சொல்லிக் குடுத்த ஹித்போதெதூத். விதி ரொம்ப சிம்பிள். தினம் ஒரு மணி நேரம், முடிஞ்சா ராத்திரி, ஆளில்லாத இடம், வயக்காடுன்னா ரொம்ப நல்லது, அங்க நின்னு நெருங்கின சிநேகிதன்கிட்ட பேசற மாதிரி வாய்விட்டு கடவுள்கிட்ட பேசணும். ஹீப்ரு வேணாம், தாய்மொழில பேசுன்னார், அவங்களுக்கு இட்டிஷ். ஏன்னா உள்ள இருக்கறது தாய்மொழிலதான் ஒடைஞ்சு வெளிய வரும்.

ஒண்ணும் பேச வரலைன்னா? பேச வரலைங்கறதையே பேசுங்கறார். அதுவும் வரலைன்னா 'உலகத்தின் ஆண்டவரே'ங்கற ஒரே விளிப்பை மணிக்கணக்கா சொல்லிட்டு இரு, அதுவும் பெரிய விஷயம். ஜெருசலேம் பக்கம் மரங்களுக்கு நடுவுல ஒருத்தர் இப்படிப் பேசிட்டிருந்ததை தூரத்துலேந்து கேட்டேன். முதல்ல போன்ல சண்டை போடறார்னு நினைச்சேன். அப்பறம் குரல் எறங்கி அழுதுட்டே சிரிச்சார். எனக்கு எங்க அம்மா பூஜை ரூம்ல முருகன்கிட்ட ஏன்டா இப்படிப் பண்றன்னு கேக்கறது ஞாபகம் வந்துடுச்சு.

மனசை காலி பண்ணனுமா, நிரப்பணுமா? ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க

ரெண்டும் உண்டு, வேற வேற பள்ளிக்கூடம். ஹபாத் ஹசிதிகளோட ஹித்போனெனூத் நிரப்பற வகை. ரப்பி ஷ்னேயூர் ஸல்மான் (1745–1812) ஆரம்பிச்ச வழி. ஒரு கருத்தை எடுத்துக்கறது, உதாரணமா இந்த உலகம் ஒவ்வொரு நொடியும் புதுசா ஒண்ணுமில்லாததுலேந்து உண்டாக்கப்படுதுங்கறது, அதை எல்லாப் பக்கத்துலேந்தும் விடாம யோசிச்சு யோசிச்சு, கடைசில அறிவுல இருந்தது நெஞ்சுக்கு எறங்கி அன்பாவும் பயமாவும் மாறணும்.

காலி பண்ற வகைக்குப் பக்கத்துல வர்றது போலந்துல பியாசெச்னாங்கற ஊர் ரப்பி கலோனிமுஸ் கல்மான் ஷபிராவோட 'ஹஷ்கதா', அமைதிப்படுத்தல். மனசு பாட்டுக்கு ஓடற எண்ணங்களை இப்ப இதை நினைக்கறேன், இப்ப அதை நினைக்கறேன்னு வேடிக்கை பாரு, தடுக்காத, கொஞ்ச நேரத்துல ஓட்டம் மெதுவாகும்னார். ஆரம்பத்துல கடிகாரத்தோட சின்ன முள்ளைப் பாத்துட்டே இருந்தாலும் போதும். அடங்கினதும் ஒரு வசனம் சொல்லணும், அப்பறம் எனக்கு நம்பிக்கை குடு, அன்பு குடுன்னு நேரா ஒரே ஒரு குணத்தைக் கேக்கணும். காலியா விட்டுட்டுப் போறது கிடையாது பாருங்க, கடைசில அவரும் சொல்லுக்குத்தான் வர்றார்.

இவர் யாருன்னு தெரிஞ்சா இன்னும் கனமா இருக்கும். 1939 செப்டம்பர் குண்டுவீச்சுல மகனையும் மருமகளையும் பறிகொடுத்தவர், அதுக்கப்பறமும் நாஜிகள் யூதர்களை அடைச்சு வெச்ச வார்சா கெட்டோக்குள்ள வாரா வாரம் பிரசங்கம் பண்ணார். அந்தக் காகிதங்களை பால் கேன்ல வெச்சுப் புதைச்சிருந்தாங்க, போர் முடிஞ்சப்பறம் தோண்டி எடுத்தாங்க. அவரை 1943 நவம்பர்ல கொன்னுட்டாங்க.

உண்மையச் சொல்லுங்க, விபஸ்ஸனாவை எடுத்து ஹீப்ரு ஸ்டிக்கர் ஒட்டினதுதானே இது?

இந்தக் கேள்வி கேட்ட தம்பி பத்து நாள் கோர்ஸ் ரெண்டுவாட்டி போனவன், பாதி சரியாத்தான் சொல்றான். குஷன் போட்டு நாப்பது நிமிஷம் உக்காந்து மணி அடிக்கற வடிவம் இருக்கே, அது பௌத்தத்துலேந்து வந்ததுதான், மறைக்க வேண்டியதில்ல. 1975ல அமெரிக்கால பார்ரேங்கற ஊர்ல இன்சைட் மெடிடேஷன் சொசைட்டி ஆரம்பிச்ச ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஷாரன் சால்ஸ்பெர்க், ஜாக் கார்ன்ஃபீல்ட் மூணு பேருமே யூதக் குடும்பத்துல பொறந்தவங்க. 1979ல ஆஸ்பத்திரிக்குள்ள மைண்ட்ஃபுல்னெஸ்ஸைக் கொண்டு போன ஜான் கபட்-ஸின்னும் அப்படித்தான். 1990ல யூத ரப்பிகளும் அறிஞர்களும் தர்மசாலாவுக்கே போய் தலாய் லாமாவோட பேசினாங்க, நாடிழந்து எப்படி மரபைக் காப்பாத்தினீங்கன்னு அவர் கேட்டார், அவங்க தங்களோட பிள்ளைங்க ஏன் தியானத்துக்கு வேற வீடு தேடிப் போறாங்கன்னு யோசிச்சுட்டுத் திரும்பினாங்க.

ஆனா கடன் வாங்கறது இவங்களுக்குப் புதுசில்ல. பெரிய யூத தத்துவஞானி மைமோனிதிஸோட மகன் ஆபிரகாம் (1186–1237) எகிப்துல இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகளைப் பாத்து அசந்து போய், பழைய தீர்க்கதரிசிகளோட வழி இவங்கள்ட்டதான் மிச்சமிருக்குன்னு சொல்லி, தன் ஆட்களுக்கு தனிமையும் மண்டியிடறதும் கொண்டு வந்தார். அங்கயும் எதிர்ப்பு, புகார் எல்லாம் நடந்துச்சு. ஆனா மோதே அனிக்கும் நக்மானோட வயக்காட்டுக்கும் எந்த ஸ்டிக்கரும் தேவையில்ல, அது அவங்க சொந்தச் சரக்கு.

என் யோகா கிளாஸ்க்கு ஒரு யூத ஸ்டூடண்ட் வர்றாங்க, ஓம் சொல்ல மாட்டேங்கறாங்க. தப்பா எடுத்துக்கறதா?

எடுத்துக்காதீங்க. அந்நிய வழிபாடுங்கறது அவங்களுக்கு மூணு பெரிய பாவத்துல ஒண்ணு, உயிரே போனாலும் செய்யக்கூடாதுங்கற லிஸ்ட்ல இருக்கறது. 1970கள்ல அமெரிக்கால ஆழ்நிலைத் தியானம் பரவினப்ப, தீட்சைல பழமும் பூவும் படம் முன்னாடி வெக்கறது இருந்ததால, ஹபாத் ஹசிதிகளோட அப்போதைய தலைவரான லுபாவிச் ரப்பி ஷ்னேயர்சன் அது கூடாதுன்னார். ஆனா தியானத்தையே வேண்டாம்னு சொல்லல, மன அழுத்தத்துக்கு அது பலன் தருது, அதனால யூத டாக்டர்கள் வழிபாட்டு அம்சம் இல்லாத ஒண்ணை உருவாக்கணும்னு கேட்டுக்கிட்டார். மூச்சு, ஆசனம் பரவால்லம்பாங்க சில ரப்பிகள், சிலர் அதுவும் வேணாம்பாங்க. அவங்ககிட்டயே கேளுங்க, மந்திரம் வர்ற நேரத்துல சும்மா மூச்சைப் பாத்துட்டு உக்காரட்டும்.

சபாத்ல போன் தொடாம இருக்கறது டிஜிட்டல் டீடாக்ஸ்தானே?

சாவ்தாகிட்ட இதைச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சாங்க. சபாத்ங்கறது அவங்க வாராந்திர ஓய்வுநாள், வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்கு முன்னாடி தொடங்கி சுமார் இருபத்தஞ்சு மணி நேரம், முப்பத்தொன்பது வகை வேலை கிடையாது, போன் அதுல ஒரு ஓரம். உலகத்தை மாத்தறதை நிறுத்திட்டு இருக்கற மாதிரியே விட்டுடறதுதான் விஷயம். பஸ் நின்னுடும், ரோட்ல குழந்தைங்க நடுவுல நடப்பாங்க, எங்க தெருவுல எல்லா வீட்டுலேந்தும் சூப் வாசனை வரும். எங்க குரூப் சபாத்ல உக்காந்தா ஆப் டைமரும் இல்ல மணியும் இல்ல, யாராவது மெதுவா நிகூன் எடுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நாப்பது வயசாகாம கபாலா பக்கம் போனா பைத்தியம் பிடிக்குமாமே?

கபாலான்னா யூதர்களோட மறைஞான மரபு. இந்த பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு. நாலு ரப்பிகள் 'பர்தேஸ்'ங்கற தோட்டத்துக்குள்ள போனாங்கன்னு தல்மூத் சொல்லுது. பென் அஸ்ஸாய் பாத்தார், செத்தார். பென் ஸோமா பாத்தார், புத்தி கலங்கினார். எலீஷா பென் அபூயா செடியை வெட்டினார், அதாவது நம்பிக்கைய விட்டுட்டார். ரப்பி அகிவா மட்டும் நல்லபடியா வெளிய வந்தார். நாப்பதுங்கற கணக்கு கெட்டியானதுக்கு வேற காரணம் உண்டு, ஷப்தாய் ட்ஸ்வீங்கறவர் நான்தான் மேசியான்னு கபாலாவை வெச்சு உலகத்து யூதர்களையே கிளப்பிவிட்டு 1666ல இஸ்லாத்துக்கு மாறிட்டார், அந்த அடி ஆற நூறு வருஷம் ஆச்சு, 1756ல ப்ரோதிங்கற ஊர்ல கூடின ரப்பிகள் வயசு வரம்பு போட்டாங்க. வேடிக்கை என்னன்னா கபாலாவோட பெரிய தலை, சஃபேத் ஊர் ஐசக் லூரியா, செத்தப்ப அவருக்கே முப்பத்தெட்டுதான்.

இங்க சொன்ன எளிய பழக்கங்களுக்கு அந்தத் தடை இல்ல. ஆனா ஏற்கனவே மனநோய்க்கு மருந்து எடுக்கறவங்க அபுலாஃபியா மாதிரி எழுத்து சுழற்றற வேலையெல்லாம் தனியா பண்ண வேண்டாம், டாக்டர்கிட்ட பேசிட்டுப் பாருங்க. இதுல நான் கறாரா இருக்கேன்.

பொண்ணுங்களுக்கு இதுல இடமே இல்லையா?

நான் ஜெப ஆலயத்துல மாடி வரிசைல பொண்ணுங்களோட உக்காந்துதான் எல்லாத்தையும் பாத்தேன், கீழ நடக்கறதுல பாதி தெரியாது, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. ஆனா ரொம்ப முக்கியமான ஜெபமான அமிதாவை எப்படிச் சொல்லணும்னு ரப்பிகள் யார்கிட்ட கத்துக்கிட்டாங்க தெரியுமா, சாமுவேலோட அம்மா அன்னாள்கிட்ட. உதடு அசையணும், குரல் வெளிய கேக்கக் கூடாது, மனசு அதுல இருக்கணும்ங்கற எல்லாமே குடிச்சிருக்கான்னு ஆசாரியன் தப்பா நினைச்ச அந்தப் பொண்ணு செஞ்சதுதான்.

நான் யூதர் இல்ல. இதெல்லாம் நான் பண்ணலாமா?

என் அபிப்பிராயம் இது. நன்றி சொல்லி எழறது, சாப்பிடறதுக்கு முன்னாடி நிக்கறது, தாய்மொழில ஒரு மணி நேரம் பேசறது, ஹஷ்கதா, இதெல்லாம் தாராளமா. மேல சொன்ன நாலெழுத்துப் பேரை வெச்சு விளையாடறது வேண்டாம், தெஃபிலின் (வசனம் வெச்ச தோல் பெட்டி) கட்டறது, தாலித் (ஜெபச் சால்வை) போத்திக்கறது அவங்க உடன்படிக்கை அடையாளம், ஃபோட்டோவுக்குக்கூட வேண்டாம். சர்ச் அக்கா ஒருத்தங்க இந்த ஜெபங்களுக்கு நடுவுல இயேசு பேரைச் சேத்து சொல்லிக் குடுக்கலாமான்னு கேட்டாங்க. உங்க ஜெபத்துல நீங்க என்ன வேணா சேருங்க, ஆனா அதை யூத ஜெபம்னு சொல்லாதீங்க, அந்த ஜெபத்துக்காக அடி வாங்கின ஜனங்க அவங்க. அப்பறம் சிவப்புக் கயிறை கபாலான்னு விக்கறவங்கள்ட்ட காசு குடுக்காதீங்க.

மூணு மாசமா பண்றேன், வாய் சொல்லுது மனசு எங்கயோ மேயுது. அவங்களுக்கு இப்படி ஆகாதா?

ஆகும். இதுக்கு என்ன பண்றதுன்னு ஹசிதிகளுக்குள்ளயே சண்டை. ஓடிவர்ற எண்ணத்துக்குள்ளயும் ஒரு தெய்வப் பொறி இருக்கு, அதைத் தூக்கி மேல கொண்டு போன்னாங்க ஹசிதி வழியை ஆரம்பிச்ச பாள் ஷெம் தோவ் வழிக்காரங்க. ஏழாவது கேள்வில சொன்ன ஷ்னேயூர் ஸல்மான், அதெல்லாம் மகான்களுக்கு, நீ முட்டாளாகாத, ஜெபம் பண்றவன் பக்கத்துல ஒருத்தன் வேணும்னே வந்து தொணதொணத்தா எப்படிக் கண்டுக்காம இருப்பியோ அப்படி இருன்னார். எனக்கு இவர் சொன்னதுதான் வேலை செய்யுது.

ஆனா சாவ்தா சொன்ன கதைய விட்டா இந்தப் பக்கம் முழுசாகாது, அப்பறம் தேடினா ஜெருசலேம் தல்மூத்ல இருக்கு. பெரிய பெரிய ரப்பிகள் உக்காந்து ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கறாங்க. ஒருத்தர், என் வாழ்நாள்ல ஒருவாட்டிதான் கவனமா ஜெபிக்க முயற்சி பண்ணேன், அப்பவும் ராஜா முன்னாடி எந்த அதிகாரி முதல்ல போவார்னு யோசிச்சிட்டிருந்தேன்றார். ஷ்முவேல், நான் கோழிக்குஞ்சு எண்ணினேன்றார். இன்னொருத்தர், நான் சுவத்துல செங்கல் வரிசைய எண்ணினேன். கடைசியா ரப்பி மத்தன்யா சொல்றார்: என் தலைக்கு நான் நன்றி சொல்றேன், 'நன்றி செலுத்துகிறோம்'ங்கற இடம் வந்ததும் அது தானாவே குனிஞ்சிடுது.